ஆட்டிசம் உள்ள மகனுடன் கோடை விடுமுறை: எங்களுக்குக் கைகொடுத்தவை

பள்ளி மூடியதும் என் மகனுக்குப் பிடிபடாமல் போவது நேரம்தான். அடுத்து என்ன என்று தெரியாததால் பதற்றம், அழுகை, காதைப் பொத்திக்கொள்வது எல்லாம் வரிசையாக வரும். இதற்குக் கைகொடுத்தது ஒரு படப் பலகை: பல் துலக்கும் படம், அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் ஓய்வு. ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே படத்தைப் பிய்த்து 'முடிந்தது' உறையில் போடுவான். படத்தைப் பலகையில் ஒட்டி வைத்திருக்கும் வெல்க்ரோ பட்டை பிரியும் சத்தத்துக்காகவே ஓடி வருவான்.

விளையாட்டு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பொம்மைகளை ஐஸில் உறைய வைத்துக் கொடுத்தால், வெதுவெதுப்பான நீரைக் கரண்டியால் ஊற்றி ஊற்றி, டைனோசர் வால் வெளியே வரும் வரை இடத்தை விட்டு அசைய மாட்டான். (எதையும் வாயில் போடும் குழந்தை என்றால் பெரிய பொம்மையாக வையுங்கள்.) கை ஈரமாவது பிடிக்காதா, சரி, ஸ்பாஞ்ச் கொடுங்கள், தொடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். முடிக்க 5 நிமிடம் முன்பே டைமரைக் காட்டிவிடுவேன், இல்லையென்றால் எழுப்புவது பெரும்பாடு. சன்ஸ்கிரீன் பிசுபிசுப்பு அவனுக்கு ஆகாது, அதனால் முழுக்கைச் சட்டை, தொப்பி, நிழல்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன்: ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் சொல்லாமல் தண்ணீரைத் தேடிப் போய்விடுவார்கள், மூழ்கும் ஆபத்தும் அவர்களுக்கு அதிகம். ஆழம் குறைவுதானே என்று போனை எடுத்துக்கொண்டு நகராதீர்கள், முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள். நீச்சலும் சீக்கிரமே பழக்கத் தொடங்கலாம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து.