முதல் கதையை எப்படி அனுப்புவது?

ஒரு சிற்றிதழுக்கு வரும் கதைகளை முதலில் வாசிப்பது என் வேலை. அனுப்புகிறவர்களில் கணிசமானவர்கள் கல்லூரி வயதுப் பிள்ளைகள். நல்ல நடை இருந்தும் பல கதைகளைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. இதழுக்குப் பொருந்தாத கதை, அளவு மீறிய கதை, மூன்றாம் பக்கத்தில்தான் தொடங்குகிற கதை: பெரும்பாலும் இவைதான் காரணம். எழுதியவரே அனுப்புமுன் சரிசெய்துவிடக்கூடிய விஷயங்கள் என்பதால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

எந்த இதழுக்கு அனுப்பப் போகிறீர்களோ, அதில் அண்மையில் வந்த கதைகளை முதலில் வாசியுங்கள். பிடித்த கதையை எடுத்து வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். 1,500 வார்த்தைக்கு மேல் போடாத இதழுக்கு 6,000 வார்த்தைக் கதை போனால், ஆசிரியருக்கு எவ்வளவு பிடித்தாலும் போட இடமிருக்காது. படைப்புகளை அனுப்பும் விதிகளைப் பெரும்பாலான இதழ்கள் வெளியிட்டிருக்கும். அதை வரி விடாமல் படியுங்கள். நான் இங்கே சொல்வதற்கும் அதற்கும் முரண் இருந்தால், அவர்கள் சொல்வதே சரி.

அடுத்தது, கதையின் முதல் பக்கம். எனக்கு அடிக்கடி வருகிற ஒரு வகையைச் சொல்கிறேன். அலாரம் அடிக்கிறது. அவன் எழுந்து பல் துலக்குகிறான். கண்ணாடியில் முகம் பார்க்கிறான். வெளியே மழை. இரண்டு பக்கம் தாண்டிய பிறகுதான், இறந்துபோன அப்பாவின் கடைச் சாவியை அன்று வேறொருவரிடம் ஒப்படைக்கப் போகிறான் என்று தெரிகிறது. கதை அந்தச் சாவியில் இருக்கிறது. முன்னாலுள்ள இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டு, பூட்டில் சாவி சிக்கிக்கொள்ளும் இடத்தில் தொடங்கிப் பாருங்கள். மழை வேண்டுமென்றால் அங்கேயே பெய்யட்டும். வெட்டியதைத் தூக்கியெறிய மனம் வரவில்லை என்றால் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குள் மட்டும் திரும்பக் கொண்டுவராதீர்கள். பிறகு முழுவதையும் வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு இடறுகிற வாக்கியத்தில் வாசகரும் இடறுவார்.

யூனிகோட் எழுத்துருவில் அடித்த வேர்டு கோப்பாக அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது எங்கள் கணினியில் வெறும் குறியீடுகளாகத் தெரியும். கையால் எழுதி, போனில் படமெடுத்து அனுப்பினால் யாராவது உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். கோப்புக்குக் கதையின் தலைப்பையும் உங்கள் பெயரையும் வையுங்கள்.

மின்னஞ்சலில் இவ்வளவு எழுதினால் போதும்: “வணக்கம். ‘சாவி’ என்ற என் சிறுகதையை (1,400 வார்த்தைகள்) இணைத்திருக்கிறேன். இது இதுவரை எங்கும் வெளியாகவில்லை; வேறு இதழின் பரிசீலனையிலும் இல்லை. தங்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.” கீழே பெயர், தொலைபேசி எண். கதையின் கருத்தை விளக்க வேண்டாம். இளையோர் போட்டி தவிர மற்ற இடங்களில் வயதும் தேவையில்லை.

“எங்கும் வெளியாகவில்லை” என்பது உண்மையாக இருக்க வேண்டும். பேஸ்புக்கில் போட்டதையும் வெளியானதாகவே பல இதழ்கள் கருதுகின்றன. ஆகவே அனுப்ப நினைக்கிற கதையை அங்கே போடாதீர்கள்.

திருடிவிடுவார்களோ என்று பயந்து அனுப்பாமலே இருப்பவர்கள் உண்டு. பதிப்புரிமைக்காக 1886இல் உருவான பெர்ன் என்ற சர்வதேச உடன்படிக்கையில் இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. அதன்படி பதிப்புரிமைக்கு எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை; எழுதியதுமே உரிமை உங்களுக்கு வந்துவிடும். அனுப்பிய மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

எதை, எங்கே, எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். எத்தனை நாளில் பதில் வரும் என்று இதழ் சொல்லியிருந்தால் அதுவரை பொறுங்கள். சொல்லாவிட்டால், மூன்று மாதம் கழித்துப் பணிவாக ஒரு வரி எழுதிக் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தில் கதையைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அப்படி எழுத எங்களுக்கு நேரமில்லை. அடுத்த கதையை உங்களிடம் எதிர்பார்க்கிறோம் என்றுதான் அதற்கு அர்த்தம்.

புத்தகத்துக்கு அவசரப்படாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஏழெட்டுக் கதைகளாவது வெவ்வேறு ஆசிரியர்களின் கண்ணில் பட்டு வரட்டும். “பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம்” என்று வருகிறவர்களிடம், விற்பனையை யார் செய்வார்கள், மீதிப் பிரதிகள் யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். 13 இலக்க ஐஎஸ்பிஎன் கிடைக்கும் என்பதைப் பெரிய சலுகையாகச் சொல்வார்கள். அது புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் மட்டும்தான். விற்றுத் தராது, பதிப்புரிமையும் தராது.

எந்தப் பதிப்பகமானாலும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுக்கு உரிமை, ராயல்டி (விற்பனையில் உங்களுக்கு வரும் பங்கு) எத்தனை சதவீதம், மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகள் யாரிடம் என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டியிருக்கும்; தொடக்கத்திலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

கதை தேர்வானதும் மெய்ப்பு (அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் பிரதி) அனுப்பினால் அன்றைக்கே திருத்திக் கொடுங்கள். எழுத்துப்பிழைகளோடு, உங்கள் பெயர் நீங்கள் விரும்புகிற மாதிரி, முன்னெழுத்தோடு சரியாக அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.