ஹென்லியிலிருந்து ஹாம்பிள்டன் வரை: தேம்ஸ் கரையில் ஒரு சுற்று நடை

இங்கிலாந்தில் தேம்ஸ் கரையோரத்துப் பழைய மாளிகைகளைப் பார்க்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நுழைவுச்சீட்டு தரும் வாசலைத்தான் தேடுவார்கள். ஹென்லி-ஆன்-தேம்ஸ் பகுதியில் அந்தத் தேடல் பயன்தராது. அங்கே அவை தனியாரிடமோ கல்வி நிறுவனத்திடமோ இருக்கின்றன. ஆனால் ஆற்றைப் பார்த்தபடி எழுந்த வீடுகள் என்பதால், எதிர்க்கரையில் நடப்பவருக்கே அவற்றின் முழு முகப்பும் தெரியும்.

லண்டன் பாடிங்டனிலிருந்து ரயிலேறி, ட்வைஃபர்டில் கிளைப்பாதை வண்டிக்கு மாறினால் ஹென்லி வந்துவிடும். ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசை 171ஆம் எண் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பச்சைக் கோடுகளாகத் தெரிபவை பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பாதையில் உங்களை யாரும் தடுக்க முடியாது. அதை விட்டு விலகினால் அந்த உரிமை இல்லை.

காலையிலேயே கிளம்புங்கள். நான் முதன்முறை பிற்பகலில் போய், கண் கூசும் வெயிலில் எதிர்க்கரை வீடுகளை வெறும் நிழலுருவங்களாகப் பார்த்துத் திரும்பினேன். ஹென்லியிலிருந்து ஆறு ஏறக்குறைய வடக்கு நோக்கி ஓடுகிறது. நடைபாதை கிழக்குக் கரையில் இருப்பதால், காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து எதிரே உள்ள செங்கல் சுவர்கள்மேல் விழும்.

1786இல் கட்டப்பட்ட ஐந்து வளைவுப் பாலத்தைக் கடந்து பெர்க்‌ஷயர் பக்கம் சென்றதும், 1818இல் தொடங்கிய லியாண்டர் படகோட்டக் கழகத்தை ஒட்டி இடப்புறம் திரும்புங்கள். ஒருகாலத்தில் குதிரைகள் சரக்குப் படகுகளை இழுத்துச் சென்ற இந்தக் கரைப்பாதையில், 1839இல் தொடங்கிய ஹென்லி ராயல் ரிகாட்டா என்னும் படகுப் போட்டியின் 2,112 மீட்டர் பந்தயத் தடம் உங்களுக்கு இணையாக வரும். படகுகள் நீரோட்டத்தை எதிர்த்து ஓடுவதால், துடுப்பு போடுபவர்கள் உங்களுக்கு எதிர்த்திசையில் கடந்து போவார்கள். பந்தயம் நடக்கும் ஜூன் இறுதி, ஜூலை தொடக்க நாட்களில் அமைதியாக நடக்க வழியில்லை. வேறு நாள் பாருங்கள்.

சிறிது தூரத்தில் எதிரே 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் மாளிகையான ஃபாலி கோர்ட் தெரியும். அதை அடுத்து ஆற்று நடுவே டெம்பிள் தீவு வரும். அதிலுள்ள சிறு வெள்ளைக் கட்டடம் கோயில் அல்ல. ஃபாலி கோர்ட்டாருக்காக 1771இல் ஜேம்ஸ் வயட் வடிவமைத்த மீன்பிடி மாளிகை. தீவைத் தாண்டியதும் ஆறு கிழக்கே வளைகிறது. அந்த வளைவில், புத்தக வணிகத்தால் பெயர்பெற்ற டபிள்யூ. எச். ஸ்மித்தின் வெள்ளை மாளிகையான கிரீன்லாண்ட்ஸ் தெற்கு பார்த்து நிற்கிறது. பின்னாளில் அது ஹென்லி பிசினஸ் ஸ்கூலின் வளாகமானது. இதற்கு உச்சிப்பொழுது நெருங்கும்போதே நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

பாலத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டரில், படகுகளை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்கும் மதகான ஹாம்பிள்டன் லாக் வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் 1829இல் மோதிய முதல் படகுப் பந்தயம் இங்கே தொடங்கி ஹென்லி பாலத்தில்தான் முடிந்தது. இங்கே அவசரப்படாதீர்கள். தடுப்பணை மேலுள்ள நீண்ட நடைபாலம் திறந்திருந்தால், அக்கரையில் உள்ள வெள்ளைப் பலகை வேய்ந்த பழைய மாவு ஆலைவரை போய் வாருங்கள். காலுக்குக் கீழே தண்ணீர் நுரைத்து இரைய, கயாக் ஓட்டுபவர்கள் அந்த அலையிலேயே புரண்டு எழுந்து பயிற்சி செய்வதைப் பார்க்கலாம். குளிர்காலப் பெருமழைக்குப் பின் கரைப்பாதையே நீரில் மூழ்கக்கூடும் என்பதால், புறப்படுமுன் ஆற்று நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

லாக்கிலிருந்து கரையோரமாகவே மேலும் நடந்து, ஃபெர்ரி லேன் வழியாக ஆஸ்டன் சிற்றூருக்கு ஏறினால் ஃபிளவர் பாட் என்னும் பப் இருக்கிறது. உள்ளே சுவரெங்கும் கண்ணாடிப் பெட்டிகளில் பாடம் செய்த மீன்கள். அங்கிருந்து ரெமன்ஹாம் மேட்டின் வயல்களையும் மரக்கூட்டங்களையும் கடக்கும் பொதுப்பாதைகளில் எதைப் பிடித்தாலும் மேற்கே ஹென்லிக்குத் திரும்பலாம். மொத்த நடை ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும். வழியிலுள்ள வயல் கதவுகளைத் திறந்த நிலையிலோ மூடிய நிலையிலோ, கண்டபடியே விட்டுச் செல்லுங்கள். மாடுகள் மேய்ந்தால் சற்று ஒதுங்கிப் போங்கள்.

ரயிலுக்கு நேரமிருந்தால் பாலத்தின் இரு பக்கங்களையும் கரையிலிருந்து பாருங்கள். நடு வளைவின் உச்சிக்கல்லில் ஆன் சீமோர் டேமர் செதுக்கிய இரு முகங்களில், ஆறு ஓடிப்போகும் திசையைத் தாடிக்காரத் தேம்ஸ் கிழவர் பார்க்கிறார். அது வரும் திசையை, தேம்ஸின் மேற்பகுதியைக் குறிக்கும் பெண்ணுருவான ஐசிஸ் பார்க்கிறாள்.