குழந்தைக்கு மல மாற்றுச் சிகிச்சை: சம்மதிக்கும் முன் பார்க்க வேண்டியவை

குடல் அழற்சி நோயுள்ள குழந்தைக்கு மல மாற்றுச் சிகிச்சை, அதாவது நோயில்லாத ஒருவரின் மலத்தைப் பதப்படுத்திக் குழந்தையின் குடலுக்குள் செலுத்துவது, செய்யலாம் என்று யார் சொன்னாலும், எதற்காக என்று முதலில் கேளுங்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி.டிஃபிசில் என்ற கிருமி மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்ப வந்தால் இதற்கு நல்ல பலன் உண்டு. குடல் அழற்சி நோயின் இரு வகைகளான அல்சரேட்டிவ் கொலைட்டிஸையோ குரோன்ஸையோ அடக்கத்தான் என்றால் இது இன்னும் ஆய்வு நிலையில் இருக்கிறது. பெரியவர்களுக்கே ஆய்வுக்கு வெளியே வேண்டாம் என்கிறது அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கத்தின் 2024 வழிகாட்டி. ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

வயிற்றால் போவது கூடினால் சி.டிஃபிசில், அமீபா, கால்புரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) மூன்றுக்கும் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும். சிறுநீரோ பினாயிலோ படாமல், ரத்தமும் சளியும் உள்ள பகுதியை வாயகன்ற டப்பாவில் எடுங்கள். சி.டிஃபிசிலுக்கு இளகிய மலம்தான் பயன்படும். அதன் நச்சு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்திலேயே சிதையலாம். கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரும். வால்பாறையிலோ தாளவாடியிலோ மலம் எடுத்துப் பஸ்ஸில் கோவைக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். குழந்தையை ஆய்வகத்துக்கே கூட்டிப் போங்கள்; முடியாவிட்டால் ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரையோ மருந்தோ கொடுத்திருந்தால் சொல்லிவிடுங்கள், கால்புரொடெக்டின் அளவு ஏறிக் காட்டும்.

கொடையாளி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அண்ணன் நல்லாத்தானுங்க இருக்கான்" என்பது போதாது. ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ்கள், சிஃபிலிஸ்; மலத்தில் சால்மொனெல்லா, ஷிகெல்லா, புழு முட்டை, மருந்துக்கு மசியாத கிருமிகள் எல்லாம் பார்த்தாக வேண்டும். கடைசியாகச் சொன்னவை நம் நாட்டில் நோயில்லாதவர் குடலிலும் சாதாரணமாக இருக்கும். இதைப் பார்க்காமல் கொடுத்த மலத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்குத் தொற்று வந்து ஒருவர் இறந்ததாக அமெரிக்க மருந்துத் துறை 2019இல் எச்சரித்தது. குடல் அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் அசத்தியோபிரின் மாத்திரையும் எடுக்கும் குழந்தைக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவுதான். மூன்று மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் எடுத்தவரும் வேண்டாம். குழந்தைக்குக் கடலைக்காய் ஒவ்வாமை இருந்தால் கொடையாளி அதை முன்கூட்டியே நிறுத்த வேண்டும்.

ஆய்வகத்தில் குறைந்தது 30 கிராம் மலத்தை உப்புநீரில் கரைத்து வடிகட்டி, ஆறு மணி நேரத்துக்குள் செலுத்துவார்கள், அல்லது கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். வீட்டு மிக்ஸியில் அடித்து எனிமா கொடுப்பது வேண்டவே வேண்டாம்: கிருமிச் சோதனை இருக்காது, புண்ணான குடல் குழாய் பட்டுக் கிழியவும் கூடும்.

வழக்கமான மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் வயிறு உப்பும், இளக்கமாகப் போகும், அது அடங்கும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், விடாத வாந்தி, கல்லாட்டம் இறுகிய வயிறு, அதிகரிக்கும் ரத்தப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கொடையாளியின் பரிசோதனை முடிவுகளின் நகலையும் கையோடு எடுத்துப் போங்கள்.