மூன்று பிள்ளைகள், ஒரே குளியலறை

காலை 7 மணிக்கு எங்கள் குளியலறை வாசலில் தினமும் சண்டை. எது யார் துண்டு என்று தெரியாது. ஈரத்துண்டுகள் வாளிமேல் குவிந்து கிடக்கும். கொக்கிகளை என் உயரத்துக்கு அடித்திருந்ததுதான் காரணம் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. கடைக்குட்டிக்கும் எட்டும்படி 3 அடி உயரத்தில் ஆளுக்கொரு கொக்கி அடித்தேன். துண்டின் ஓரத்தில் சிவப்பு, பச்சை, நீல நூலால் தையல் போட்டு, மாட்டுவதற்கு ஒரு நாடாவும் தைத்தேன். நாடா இல்லாவிட்டால் துண்டு நழுவி விழுந்துவிடும், அதை விட்டுவிடாதீர்கள். பிரஷுக்கும் அதே நிறங்கள்தான். முன்பு மூடிய டப்பாவில் ஈரத்தோடு கிடந்து நாறின. இப்போது திறந்த தாங்கியில், ஒன்றோடொன்று உரசாமல் நிமிர்ந்து நிற்கின்றன. தரை கழுவும் ஆசிட்டைப் பூட்டிய அலமாரிக்கு மாற்றிவிட்டேன். துண்டுகள் மாலைக்குள் உலர்ந்துவிடுகின்றன. சோப்புச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.