சேலத்தில் அப்பாவையோ அம்மாவையோ ஹோமில் விட்டிருப்பவர்கள், ஊருக்குப் போனதும் போர்வையை விலக்கிப் பாருங்கள்

பெட்டியில் என்ன எடுத்துப்போவது, எந்த ஊரில் விமானம் இறங்குவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பக்கவாதம் வந்த அப்பாவையோ அம்மாவையோ சேலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வாராவாரம் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பதினான்கு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் டொராண்டோவிலிருந்து அப்பாவைப் பார்த்தேன். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, பின்னால் ஜன்னலில் ஏற்காடு மலை. நிம்மதியாகப் போனை வைத்துவிடுவேன். இந்த ஆடியில் பெங்களூரில் இறங்கி, நேராகக் காரில் வந்ததில் காலை ஆறரைக்கே ஹோம் வாசலில் நின்றேன். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா சட்டையில்லாமல் நனைந்த டயப்பரோடு கிடந்தார். அங்கே வேலை செய்யும் அக்காவோடு சேர்ந்து நானும் அவரை ஒருக்களித்துத் திருப்பினேன். முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இடது குதிகால் கறுத்திருந்தது. வீடியோ காலில் கழுத்துக்குக் கீழே எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. காட்டச் சொல்லி நானும் கேட்டதில்லை.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது தோல். இடுப்புக்குக் கீழே, இடுப்பின் இரண்டு பக்கமும், குதிகால், முழங்கை. தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். நம் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கன்றியோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். "ஏர் பெட் போட்டிருக்கோம்" என்பார்கள். ஏர் பெட் போட்டாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். திருப்பிய நேரத்தைக் குறிக்கும் தாளைக் கேளுங்கள். எங்களுக்குக் காட்டிய தாளில் 8, 10, 12, 2 என்று ஒரு நிமிடம் பிசகாமல், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் ஒரு வாரத்துக்கும் எழுதியிருந்தது. உட்கார்ந்து மொத்தமாக எழுதியது அது.

போகும் நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். விடியற்காலை, மதியச் சாப்பாட்டு நேரம், இரவு ஒன்பதுக்கு மேல். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரம் இன்னும் நல்லது. வேலை செய்யும் பெண்கள் பாதிப் பேர் லீவில் போயிருப்பார்கள், ஆள் குறைந்தால் அந்த இடம் எப்படி நடக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை பேர், அதில் பதிவு பெற்ற நர்ஸ் யார் என்று பெயரோடு கேளுங்கள். வெள்ளைக் கோட்டு போட்டவரெல்லாம் நர்ஸ் இல்லை. மூத்திர நாற்றம் மட்டுமல்ல, நாள் முழுக்க மூக்கைத் துளைக்கும் பினாயில் வாசனையும் ஒரு தகவல்தான். நகம், வாய், நாக்கு பாருங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டுகிற பக்கம் இருக்கிறதா? அப்பாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. டம்ளர் வலது பக்கம் இருந்தது.

"பிசியோ தினமும் வர்றாருங்க" என்பது பதில் ஆகாது. போன மாதம் என்ன செய்ய முடிந்தது, இந்த மாதம் என்ன முடிகிறது என்று கேளுங்கள். கட்டில் ஓரத்தில் பிடிப்பில்லாமல் எத்தனை நிமிடம் உட்காருகிறார், பிடித்துக்கொண்டு நிற்கிறாரா? இதைச் சொல்லத் தெரியாத இடத்தில் கையைக் காலை நாலு முறை மடக்கி நீட்டிவிட்டுப் போகிறார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். உருக்காலையில் ஷிப்டு முடிந்து வரும்போதெல்லாம் அப்பா எனக்குத் தட்டுவடை செட், அதாவது மொறுமொறு தட்டைகளுக்கு நடுவே துருவிய காய் வைத்தது, வாங்கி வருவார். இரண்டாம் நாள் ஆசையாக அதையே வாங்கிப்போய், நன்றாக ஊறவைத்து ஒரு வாய் கொடுத்தேன். புரை ஏறி முகம் நீலமாகிவிட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்கும் தசைகள் பலருக்குச் சரியாக வேலை செய்வதில்லை, உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் படுக்க விடக் கூடாது. இனிமேல் அவர் அதைச் சாப்பிடப் போவதில்லை.

மலைமேல் இருக்கும் இடங்களின் குளிர்ச்சியைப் பார்த்து மயங்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள், இரவில் பனிமூட்டம், பெருமழையில் மண்சரிவு. மூளை ரத்தக்குழாய் அடைப்புக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரி கீழேதான் இருக்கிறது. மலை தெரியும் அடிவாரத்து ஜன்னலுக்காகத்தான் நானும் அந்த ஹோமுக்குச் சரி என்றேன்.

அப்புறம், வெளியே கூட்டிப்போகக் கேட்கும் கையெழுத்து. அன்றைக்கே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். "சேர்த்தவர் வந்து கையெழுத்துப் போடணும்ங்க" என்றார் மேனேஜர். சேர்க்கைப் படிவத்தில் பெரியப்பா மகன் பெயர் மட்டும்தான் இருந்தது. பெற்ற மகள் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினேன், ஏற்கவில்லை. அண்ணன் அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மாபேட்டையில் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

"தாராளமா கூட்டிட்டுப் போ. நீ ஊருக்குப் போனப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வந்தா நான்தான் ஓடணும். இனி சித்தப்பா விஷயத்துல எனக்குப் பொறுப்பில்லைன்னு எழுதிக் குடு."

புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று கத்தினேன். அண்ணன் உள்ளே போய் ஒரு மஞ்சப்பையை எடுத்து வந்தார். மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரசீது, ஆம்புலன்ஸ் ரசீது எல்லாம் தேதி வாரியாக. முதல் ரசீது அப்பா விழுந்த இரவு. அன்றைக்கு நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "அவனைக் கோவிச்சுக்காத கண்ணு, நீ இல்லாதப்ப அவன்தான பார்த்தான்" என்றார் அத்தை. எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது கை நடுங்கியது.

அப்பாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, நினைவு தெளிவாகவே இருந்தது. போகலாமா என்று அவரைக் கேட்க அந்த மூன்று நாளில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். கடைசியில் கேட்டபோது இடது கையால் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். சுயநினைவுள்ள பெரியவருடைய சம்மதத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும். இதை முதல் நாளே அழுத்திச் சொல்லுங்கள்.

படிவத்தில் உங்கள் பெயரையும் இரண்டாவதாகச் சேர்க்கச் சொல்லுங்கள், மருந்துத் தாள் நகலை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். பென்ஷன் கணக்கிலிருந்து பணம் எடுக்கக் கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகை வைக்கலாம். இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரி. முதியோர் இல்லம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பதிவு உண்டா என்று விசாரியுங்கள். கொடுமை, கைவிடல் என்றால் முதியோர் உதவி எண் 14567.

அப்பா இப்போது அழகாபுரத்தில் வேறு இடத்தில் இருக்கிறார். ஞாயிறு என்று வைத்துக்கொள்ளாமல் நினைத்த நேரத்தில் கூப்பிடுகிறேன். முகத்தைப் பார்த்தபின், போனை அப்படியே கால் பக்கம் திருப்பச் சொல்கிறேன். குதிகால் ஆறிவிட்டது. முதுகுப் புண் இன்னும் ஒரு ரூபாய் அளவு இருக்கிறது. புதன்கிழமைகளில் அண்ணன் போய்ப் பார்த்து போட்டோ அனுப்புகிறார். நான் கேட்காமலேயே.