பழைய மிக்ஸியும் ஜன்னல் வெளிச்சமும்

சும்மா கிடந்த பழைய மிக்ஸியை ஆன்லைனில் விற்கலாம் என்று ராத்திரி ஃபிளாஷ் போட்டு நாலு படம் எடுத்துப் போட்டேன். பத்து நாளாகியும் ஒருவரும் விலைகூடக் கேட்கவில்லை. படத்தைத் திரும்பப் பார்த்தால் எவர்சில்வர் ஜாரில் ஃபிளாஷ் வெள்ளையாகத் தெறித்திருக்கிறது, அதற்குக் கீழே கைலியோடு நான் நிற்கிறேன்!

சரி என்று ஞாயிறு காலை, வெயில் நேராக விழாத ஜன்னல் பக்கம் மேசையைப் போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டியைச் சுவரிலிருந்து மேசை வரை தொங்கவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டேன் (இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளடிக்கும்). எதிர்ப்பக்க நிழலைக் குறைக்க, ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும்படி ஒரு தெர்மோகோல் அட்டை. ஜாரில் என் உருவம் விழாமலிருக்க நாலடி தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நின்று 2எக்ஸ் ஜூமில் எடுத்தேன். கிட்டே போனால் பொருளின் வடிவமும் கோணலாகிவிடும். லென்ஸைத் துடைத்ததை முதலில் சொல்லியிருக்க வேண்டும், பாதி மங்கல் அதில்தான் இருந்தது.

அப்புறம் மூடியில் இருந்த விரிசலை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துத் தனியாக எடுத்தேன். அடியில் ஒட்டியிருக்கும் வாட்ஸ் லேபிளையும். அன்று சாயங்காலமே மூன்று பேர் கேட்டார்கள், விரிசலைக் காட்டி நூறு ரூபாய் குறைத்தவர்தான் வாங்கிப் போனார்.