பிரிட்டனில் வங்கிக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணக்கில் பணம் போதவில்லை என்று வங்கி கட்டணம் பிடித்தால் கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தில் பலர் இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிக் கடிதம் ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 'இந்தக் கட்டணம் நியாயமற்ற ஒப்பந்த விதி' என்ற வாதம் 2007 வாக்கில் நன்றாகவே எடுபட்டது. 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது. ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிட அதிகமாகப் பணம் எடுப்பது) கட்டணம் சேவைக்கான விலையின் ஒரு பகுதி, அது அதிகமா இல்லையா என்பதை நியாயமற்ற விதிகளுக்கான சட்டத்தைக் கொண்டு அளக்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதே வாதத்தை இன்று அனுப்பினால் மறுப்புக் கடிதம்தான் வரும்.

இப்போது எடுபடுவது உங்கள் சொந்த நிலைமை. வேலை போனது, உடம்பு முடியாமல் போனது, ஒரு கட்டணமே அடுத்த மாதக் கட்டணத்துக்குக் காரணமானது, கஷ்டத்தைச் சொல்லியும் வங்கி தொடர்ந்து பிடித்தது: இவற்றைத் தேதியோடும் தொகையோடும் எழுதுங்கள். வங்கியின் பிழையால் வந்த கட்டணம் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். கட்டணம் எப்போது பிடிக்கப்பட்டது என்பதையும் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து ஓவர்டிராஃப்டுக்கு நாள் கட்டணம், மாதக் கட்டணம் எதுவும் கூடாது, வட்டி மட்டும்தான். முன் அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்டுக்குக் கூடுதல் வட்டியும் கூடாது.

பழைய அறிக்கைகள் கையில் இல்லை என்று விட்டுவிட வேண்டாம். உங்களைப் பற்றிய தரவைக் கேட்டு எழுதினால், வங்கி பொதுவாக ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும்.

அப்புறம், தாமதம். பெரும்பாலானோர் தோற்பது இங்கேதான். தொலைபேசியில் பேசிவிட்டு 'பார்க்கிறோம்' என்ற பதிலோடு காத்திருக்கிறார்கள். வாய்மொழிப் புகாரும் புகார்தான், ஆனால் பிறகு அதை நிரூபிக்க வேண்டுமே! எழுத்தில் கொடுங்கள், 'இது புகார்' என்ற சொல்லைப் போடுங்கள், புகார் எண்ணை வாங்குங்கள். இத்தகைய புகாருக்கு வங்கி 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். அந்த 8 வாரக் கெடு நீங்கள் புகார் கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. நடுவில் வேறொரு அதிகாரி வந்து 'இன்னும் விசாரிக்கிறோம்' என்று எழுதினாலும் அது முதலிலிருந்து தொடங்குவதில்லை. மறுபடி மறுபடி நினைவூட்டிக்கொண்டே மாதங்களைக் கழிக்காதீர்கள். 8 வாரம் முடிந்தும் பதில் இல்லையென்றால், வங்கியின் சம்மதம் இல்லாமலே நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வாடிக்கையாளருக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் சுதந்திரமான அமைப்பு இது, ஆங்கிலத்தில் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் சர்வீஸ் என்பார்கள். உங்களுக்குச் செலவில்லை.

உங்கள் பக்கத்திலும் ஒரு கெடு உண்டு. வங்கியின் இறுதிப் பதில் வந்த பின் குறைதீர்ப்பாளரிடம் போக 6 மாதம்தான். மறுப்பு வந்த வருத்தத்தில் கடிதத்தை மூலையில் போட்டுவிட்டால், நல்ல வழக்கும் கைவிட்டுப் போகும்.

பணம் வாங்கித் தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் போக வேண்டியதில்லை. அவர்கள் எழுதும் கடிதத்தை நீங்களே எழுதலாம், கிடைக்கும் தொகையில் அவர்களுக்குப் பங்கும் போகாது. வங்கி பாதித் தொகை தருவதாகச் சொன்னால், முழு இறுதித் தீர்வாக ஏற்கச் சொல்கிறதா என்று படித்துப் பாருங்கள். மீதியைக் கேட்க எண்ணமிருந்தால் அதற்குச் சம்மதிக்க வேண்டாம். குறைதீர்ப்பாளரின் இறுதி முடிவை நீங்கள் ஏற்றால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் உரிமை உங்களிடமே இருக்கும்.